டோடெசில் அமீனோடு எட்டு ஆண்டுகள்

கர்நாடகத்தின் சண்டூர்ப் பக்கத்து ஹேமடைட் குவார்ட்சைட் என்னும் இரும்புத் தாதில் கருஞ்சிவப்பு ஹேமடைட்டும் (இரும்பு ஆக்சைடு) வெள்ளைக் குவார்ட்ஸும் (சிலிக்கா) மாறி மாறி வரிவரியாக ஓடும். பார்க்க அழகு, பிரிக்கப் பெரும்பாடு. பொடியாக அரைத்து நீரில் கலந்த பிறகு, சிலிக்காவைக் காற்றுக்குமிழி நுரையோடு மிதக்கவைத்து விலக்க, எட்டு ஆண்டுகளாக எங்கள் ஆய்வகத்தில் டோடெசில் அமீன் என்ற வேதிப்பொருளைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஏறக்குறைய 28 டிகிரியில் உருகும் பொருள் இது. மார்கழிக் காலையில் புட்டிக்குள் நெய்போல உறைந்து கிடக்கும், சித்திரையில் எண்ணெயாக ஓடும். மீன் நாற்றம் கையை விட்டுப் போகாது. தண்ணீரில் கரையாது என்பதால் அசெட்டிக் அமிலம் சேர்த்துக் கரைக்க வேண்டும். முதல் மாதம் அது தெரியாமல் அப்படியே ஊற்றிவிட்டு, சரக்கு மட்டம் என்று விற்றவரைத் திட்டியிருக்கிறேன்.

பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 10 அளவில் குவார்ட்ஸ், ஹேமடைட் இரண்டின் பரப்பும் எதிர்மின் கொண்டவை. நேர்மின் தலையுள்ள அமீன் இரண்டிலும் ஒட்டப் பார்க்கும். அதனால் காஸ்டிக் சோடாவில் காய்ச்சிய மக்காச்சோள ஸ்டார்ச்சுக் கஞ்சியை முதலில் விடுகிறோம். அது ஹேமடைட்டைப் போர்த்திக்கொள்ளும். பிறகு வரும் அமீனுக்குக் குவார்ட்ஸ்தான் மிச்சம். அங்கே போதிய அளவு ஒட்டியதும், 12 கார்பன் நீள வால்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு திட்டுத்திட்டாகக் கூடுகின்றன. 1955இல் ஆய்வாளர்கள் காடினும் ஃபியூர்ஸ்டனாவும் விளக்கியது இதைத்தான். நீரை வெறுக்கும் அந்தப் பரப்பைக் காற்றுக்குமிழி பற்றி மேலே தூக்கிவிடும், இரும்பு அடியில் தங்கும்.

ஒருநாள் அவசரத்தில் அமீனை முதலில் விட்டுவிட்டேன். நுரை செங்கல் நிறத்தில் வழிந்தது. இரும்பெல்லாம் கழிவுத் தொட்டிக்குப் போனது.

என் பெரிய குறை நுண்சேற்றைப் பற்றியது. 10 மைக்ரானுக்குக் கீழான துகள்களுக்குப் பரப்பு மிக அதிகம். விட்ட அமீனையெல்லாம் விழுங்கிவிடும். நுரையும் அடித்த முட்டை வெள்ளைபோல இறுகி, உடையவே உடையாது. சேற்றை முன்கூட்டியே வடித்தால் வேலை சுத்தம், ஆனால் அதோடு கொஞ்சம் இரும்பும் போகிறது. அமீன் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம், நுரைதான் பெருகும். பி.எச். 11ஐத் தாண்டினாலும் அமீன் மின்சுமையை இழந்து படிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளாக இதே வேலைக்கு ஈதர் அமீன் என்ற இன்னொரு வகை அமீனையும் பயன்படுத்துகிறேன். பிரேசில் ஆலைகளில் அதுதான் வழக்கம். நீரில் எளிதாகக் கலக்கிறது. மார்கழியில் புட்டியை வெந்நீரில் நிறுத்தும் வேலையும் இல்லை. பழைய புட்டியில் கால்வாசி இன்னும் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குச் சிவப்பு நுரையைக் காட்ட அதைத்தான் எடுக்கிறேன்.