இலவச சட்ட உதவி மையம்: பராமரிப்புத் தொகை வழக்கில் எங்கள் அனுபவம்

கணவரைப் பிரிந்து வாழும் என் தங்கைக்காக மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்தை நாடினோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது என்பதால், வருமானச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கவில்லை.

குழந்தைக்கான பராமரிப்பு மனு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ் தயாரானது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்த நெறிகளின்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதையும், பராமரிப்புத் தொகை, மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே கணக்கிடப்படும் என்பதையும் வழக்கறிஞர் பொறுமையாக விளக்கியதே இச்சேவையின் ஆகச் சிறந்த பகுதி. 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும் என்றாலும், குழந்தையின் நலனே இறுதியில் தீர்மானிக்கும் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். (கட்டணம் வாங்கிய வழக்கறிஞர்கள் சிலர் 'வெற்றி உறுதி' என்றே பேசியிருந்தனர்.)

குறைகளும் உண்டு. வழக்கின் நடுவே வழக்கறிஞர் மாற்றப்பட்டதால் அனைத்தையும் மீண்டும் விவரிக்க நேர்ந்தது. குழந்தையுடன் காத்திருக்க ஒழுங்கான இடமும் இல்லை. செல்ல விரும்புவோர் 15100 என்ற உதவி எண்ணில் முதலில் விசாரித்துவிட்டு, திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லலாம்.