வீட்டின் உயரம்: கூகுள் எர்த்தா, கைப்பேசி பாரோமீட்டரா?

2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மலேசியாவின் பினாங்கில் வீடு தேடும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கடல்மட்டத்துக்கு வீடு எவ்வளவு மேலே என்பதை எதில் பார்ப்பது என்பதைத்தான்.

செலவு: எர்த் இலவசம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர் செயலியும் அப்படியே. ஆனால் மலிவான கைப்பேசிகள் பலவற்றில் அந்த உணரியே இருக்காது.

எளிமை: எர்த்தில் சுட்டியை வீட்டின்மேல் வைத்தால் எண் தெரியும். பாரோமீட்டரைக் கடற்கரையில் சுழியாக்கிவிட்டு உடனே வீடு திரும்ப வேண்டும்.

துல்லியம்: வம்பே இங்கேதான். எர்த் காட்டுவது நில உயரம். பத்தாவது மாடிக்கும் அதே எண். ஜெலுத்தோங் போன்ற தாழ்வான பகுதியில் சில மீட்டர் பிழையே கணக்கைக் கவிழ்த்துவிடும். பாரோமீட்டரோ மாடிப்படியைக்கூட உணரும்: ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) குறையும். வானிலை மாறினால் அதுவும் உளறும். நாற்காலியைவிட்டு எழாமலேயே என் வீடு ஒரு மாலையில் ஆறு மீட்டர் ‘உயர்ந்தது’.

வீடு வாங்க ஊர் ஊராக அலசுபவர்களுக்கு எர்த். மாடி உயரம் பார்க்கவும் கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறவும் பாரோமீட்டர். அதன் மிக உயர்ந்த சிகரமான வெஸ்டர்ன் ஹில்லில் 833 மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.