ஓடும் கடிகாரமா, எழுதிய கெடுவா? மின்னஞ்சலில் தள்ளுபடியின் கடைசி நேரத்தைச் சொல்லும் வழிகள்

சினிமா போஸ்டரின் மேல் குறுக்காக ஒட்டிய ‘இன்றே கடைசி’ தாளைப் பார்த்துவிட்டு, வேலையைப் போட்டுவிட்டுத் தியேட்டருக்கு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் துண்டுத் தாளை ஊரே நம்பியதற்குக் காரணம், மறுநாள் போனால் அங்கே வேறு படம் ஓடும்.

துணிக் கடைகளுக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் விளம்பர மெயில் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஆடி வந்தால், தீபாவளி வந்தால் ஒரே கேள்விதான் வரும்: “பெரிய கம்பெனி மெயில்ல நொடி நொடியா ஓடுதே, அந்தக் கடிகாரம் நம்ம மெயில்லயும் வைக்கலாங்களா?” வைக்கலாம். ஆனால் கெடுவைச் சொல்ல அது ஒன்றுதான் வழி என்றில்லை. பல சமயம் அது நல்ல வழியும் இல்லை.

முதலில் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மெயிலுக்குள் ஓடாது. பாதுகாப்புக்காக எல்லா மெயில் மென்பொருளும் அதை நீக்கிவிடும். எனவே நாம் பார்ப்பது உண்மையில் ஒரு ஜிஃப், அதாவது அசையும் படம். வாசகர் மெயிலைத் திறக்கும்போது, படத்தைக் கேட்டு சர்வருக்கு ஓர் அழைப்பு போகிறது. அந்த நொடியில் கெடுவுக்கு எவ்வளவு நேரம் மீதி என்று சர்வர் கணக்குப் போட்டு, நொடிக்கு ஒன்றாகப் பொதுவாக 60 சட்டங்களை (தனித்தனிப் படங்களை) வரைந்து, ஒரே படமாகக் கோத்து அனுப்புகிறது. 60 நொடி முடிந்ததும் படம் நின்றுவிடும், அல்லது தொடக்கத்துக்கே திரும்பிவிடும். மெயிலை நிதானமாகப் படிப்பவருக்குக் கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் குதிப்பது தெரியும். அறுபது சட்டம் என்றால் படத்தின் எடையும் எளிதில் சில நூறு கேபிக்குப் போகும். சிக்னல் மெலிந்த ஊரில் படம் வந்து சேர்வதற்குள் வாசகர் அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார்.

இதற்கு நான் கண்ட மருந்து, நொடியையே எடுத்துவிடுவது. நாள், மணி, நிமிடம் மட்டும் காட்டினால் ஒரே சட்டம் போதும். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நொடிகளைக் காட்டுவது வாசகரைப் படபடக்க வைக்கத்தான் உதவும், முடிவெடுக்க உதவாது.

விண்டோஸில் இயங்கும் பழைய அவுட்லுக் பதிப்புகள் ஜிஃப்பின் முதல் சட்டத்தை மட்டும் காட்டும். 2007 பதிப்பிலிருந்து அந்தப் பழைய அவுட்லுக் மெயிலை வரைவது வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டுதான். ‘வெறுமையிலிருந்து மெல்லத் தோன்றும்’ கடிகாரம் அழகாக இருக்கிறதே என்று வடிவமைப்பாளர் செய்துவைத்தால், அலுவலகத்தில் இருப்பவர் ஒரு காலிப் பெட்டியைத்தான் பார்ப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல், நம் சர்வருக்கும் வாசகருக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்களால் வருகிறது. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் எல்லாப் படங்களையும் தன் சர்வர் வழியாகவே காட்டுகிறது. ‘சேமித்து வைக்காதே’ என்று நம் சர்வர் சொன்னால் அதைப் பெரும்பாலும் மதிக்கிறது, எனவே அங்கே பிழைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் வேறு மாதிரி. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, வாசகர் மெயிலைத் திறக்கும் முன்பே படங்களைப் பின்னணியில் இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியது. இரவு 12 மணியோடு விற்பனை முடிகிறது என்று வையுங்கள். காலை 9 மணிக்கு மெயில் போய்ச் சேர்ந்ததும் போன் படத்தை இறக்கிவிடுகிறது. வாடிக்கையாளர் வேலையெல்லாம் முடித்து இரவு 9 மணிக்குத் திறக்கிறார். மீதி இருப்பது 3 மணி நேரம், கடிகாரமோ 15 என்று காட்டலாம். ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் போனை மூடி வைத்தால், அவரைத் தடுத்து நிறுத்தியது நாம் வைத்த கடிகாரமேதான்.

அதே வசதியால் ‘எத்தனை பேர் திறந்தார்கள்’ என்ற எண்ணும் பொருளற்றதாகிவிட்டது. கடிகாரம் வைத்த மெயிலை அதிகம் பேர் திறந்தார்கள் என்று யாராவது கணக்குக் காட்டினால், ஆர்டர் எத்தனை என்று கேளுங்கள். அதுவும் பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரே நாளில், ஒரே தள்ளுபடியை அனுப்பிப் பார்த்த கணக்காக இருக்க வேண்டும்.

எழுத்தில் சொல்லும் கெடுவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ‘ஞாயிறு இரவு 11.59 வரை, இந்திய நேரம்’ என்ற வரி படம் தடுக்கப்பட்டாலும் தெரியும், முன்கூட்டியே இறக்கினாலும் பொய்யாகாது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டும். மெயிலை அக்காவுக்கு ஃபார்வர்டு செய்தாலும் கெடு கூடவே போகும். நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் முடிந்துவிட்டது என்று தெளிவாகப் புரியும். ‘இரவு 12 மணி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஞாயிறு இரவு 12 என்பது ஞாயிறு பிறக்கும்போதா முடியும்போதா என்று பாதிப் பேருக்குக் குழப்பம் வரும். கெடுவை மெயிலின் அடியிலும் வைக்காதீர்கள். மெயிலின் எச்டிஎம்எல் (மெயிலை எழுதும் குறியீடு) 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மடித்து மறைத்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில் ஜிஃப் கடிகாரம் எழுத்தை வெல்கிறது. எங்கள் ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ தமிழர்களும் வேட்டி, போர்வை வாங்குகிறார்கள். ‘இந்திய நேரம் இரவு 11.59’ என்றால் லண்டனில் இருப்பவர் மனக்கணக்குப் போட வேண்டும், அதிலும் கோடையில் ஒரு கணக்கு, குளிரில் ஒரு கணக்கு. ‘இன்னும் 5 மணி 20 நிமிடம்’ என்பது உலகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதிகம் உள்ள பட்டியலுக்கு, படம் பழைய நேரத்தைக் காட்டும் அபாயத்தையும் மீறி, கடிகாரத்தை நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் அந்த நேரக் கணக்கே ஒருமுறை எங்களைக் கவிழ்த்தது. கடிகாரம் செய்து தரும் மென்பொருளில் கெடுவை இரவு 12 என்று குறித்தோம். அது உலகப் பொது நேரத்தில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்தியக் கணக்கில் அது விடியற்காலை 5.30. கூப்பன் நள்ளிரவில் செத்துவிட்டது, கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் வந்து ஏமாந்தவர்கள் எழுதிய கடிதங்களில் நியாயம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு, அதே விலைக்கு அனுப்பிவைத்தோம்.

மெயிலிலேயே அசைவு காட்ட இன்னும் இரண்டு வழிகள் உண்டு. சிஎஸ்எஸ் என்ற வடிவமைப்புக் குறியீட்டால் வரும் அசைவு ஆப்பிள் மெயிலில் ஓடும், ஜிமெயிலில் ஓடாது. 2019-ல் ஜிமெயிலுக்கு வந்த ஏஎம்பி என்ற தனி மெயில் வகையில் நேரலைத் தகவலைக் காட்டலாம். ஆனால் கூகுளிடம் அனுப்புநராகப் பதிந்து அனுமதி பெற வேண்டும், ஆப்பிள் மெயிலில் அது தெரியாது, அவர்களுக்காகச் சாதாரண மெயிலையும் கூடவே செய்ய வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் கடைக்கு இந்தப் பாடு தேவையில்லை. இவற்றைவிட ஜிமெயிலின் விளம்பரத் தாவலுக்கான குறிப்பு வசதி எளிது: தள்ளுபடி தொடங்கும், முடியும் தேதிகளை மெயிலின் குறியீட்டில் எழுதி வைத்தால், மெயிலைத் திறக்கும் முன்பே பட்டியலில் அதைக் காட்ட வாய்ப்புண்டு. காட்டுவதா வேண்டாமா என்பது கூகுளின் முடிவு. எழுதி வைப்பதில் நட்டமில்லை.

என் ஓட்டு பெரும்பாலும் இந்தக் கூட்டணிக்கே: மெயிலில் எழுத்தாகக் கெடு, கடிகாரம் கடையின் இணையப் பக்கத்தில். பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் என்பதால் நொடி தவறாது, கெடு முடிந்ததும் ‘விற்பனை முடிந்தது’ என்று தானாக மாறும், விலையும் கூடவே மாறும். ஒன்று மட்டும்: நேரத்தை வாடிக்கையாளரின் போனிலிருந்து எடுக்காமல் சர்வரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். லிங்க்கைத் தொடாதவர் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார் என்பது இதன் குறைதான். தொடாதவர் எப்படியும் வாங்கப்போவதில்லை.

இனி ஆளுக்கொரு கெடு. புதிதாகச் சேர்ந்தவருக்கு 48 மணி நேரக் கூப்பன், சேர்ந்த நேரத்திலிருந்து அவருக்கெனத் தனிக் கடிகாரம். கூப்பன் உண்மையாகவே 48 மணி நேரத்தில் சர்வரில் காலாவதியானால் இது நேர்மையான ஏற்பாடு. நானே செய்து கொடுக்கிறேன். ஆனால் இதே கருவியில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடிகாரம் புதிதாகத் தொடங்கும்படியும் அமைக்கலாம். அதைக் கேட்டு வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். அது பொய்.

சட்டமும் இப்போது அப்படித்தான் பார்க்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. பட்டியலின் முதல் பெயரே ‘பொய்யான அவசரம்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ம் ஆண்டு உத்தரவு, மிகக் குறுகிய காலமே கிடைக்கும் என்று பொய்யாகச் சொல்வதை எந்நிலையிலும் கூடாத செயல்களில் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு, கடிகாரம் முதலான அவசர வாசகங்களைத் திருத்திக்கொள்வதாக வவ்ச்சர் என்ற தள்ளுபடி விற்பனை நிறுவனம் 2024-ல் உறுதி கொடுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் சுமார் 11,000 விற்பனைத் தளங்களை அலசியபோது, நேரம் முடிந்த பிறகும் தள்ளுபடி அப்படியே தொடர்ந்த கடிகாரங்களைக் கண்டெடுத்தார்கள்.

‘மக்கள் கேட்டுக்கொண்டதால் மேலும் ஒரு வாரம்’ என்ற நீட்டிப்பும் இதன் தம்பிதான். நம்பிப் பணம் புரட்டி, கெடுவுக்குள் வாங்கியவரை அது முட்டாளாக்குகிறது. சரக்கு மிஞ்சினால் வேறு பொருளுக்கு, வேறு அளவில், புதிய தள்ளுபடி அறிவிக்கலாம். ஈரோட்டுக் கடையில் விற்பனை முடிந்த மறுநாள் ஒருவர் போன் செய்து அதே விலையைக் கேட்டார். “இல்லீங்கக்கா, நேத்து ராத்திரியோட முடிஞ்சுதுங்க. இனி பொங்கலுக்குத்தான்” என்றார் கடைக்காரர். அந்த அக்கா பொங்கல் மெயில் போன அன்றே ஆர்டர் போட்டார்.

அந்த ஈரோட்டுக் கடைக்காக நாங்கள் அனுப்பும் முறை இப்போது இதுதான். மூன்று மெயில். முதல் இரண்டிலும் எழுத்து மட்டும். கடைசி நாள் மாலை 6 மணிக்குப் போகும் மூன்றாவதில் நொடி இல்லாத ஜிஃப் கடிகாரம். போன் அதை முன்கூட்டியே இறக்கி வைத்தாலும் பிழை ஆறு மணி நேரத்தைத் தாண்டாது. கடிகாரத்தின் கீழேயே கெடு எழுத்திலும் இருக்கும். படம் தெரியாதபோது காட்டும் மாற்று வரியில் ‘டைமர்’ என்று எழுதாமல் கெடுவையே எழுதுகிறோம். அனுப்பும் முன் ஒரு சோதனை: கெடுவை அடுத்த பத்து நிமிடத்துக்கு மாற்றி, ஓர் ஐபோனிலும், ஜிமெயிலிலும், கடைக்காரரின் பழைய கணினி அவுட்லுக்கிலும் திறந்து வைத்துக் காத்திருக்கிறோம். மெயில் படம், இணையப் பக்கம், கூப்பன் மூன்றும் ஒரே நிமிடத்தில் முடிந்தால்தான் பட்டியலுக்குப் போகும்.