பல மாட்யூல் பில்டில் பிளகின் வரிசை: மேவனா, கிரேடிலா?

ஒரு பில்டில், அதாவது எழுதிய நிரலைக் கம்பைல் செய்து, சோதித்து, தொகுக்கும் வேலையில், மாட்யூல்கள் (தனித்தனியாகக் கட்டப்படும் பகுதிகள்) பெருகிவிட்டால், எந்த பிளகின் (பில்டில் ஒரு வேலையைச் செய்யும் துணைக்கருவி) முதலில் ஓடும் என்ற கேள்வி வந்தே தீரும். ஜாவா பக்கம் மேவன், கிரேடில் என்ற இரண்டு பில்டு கருவிகள் இதற்கு இரண்டு பதில்கள் தருகின்றன. மேவனில் பிளகினை எந்த ஃபேஸில் (பில்டின் ஒரு கட்டம்) கட்டினோம், பாம் கோப்பில் (பில்டு அமைப்பைச் சொல்லும் pom.xml) எங்கே எழுதினோம் என்பதை வைத்து வரிசை அமைகிறது. கிரேடிலில் ஒரு டாஸ்குக்கு (பில்டின் ஒரு தனி வேலை) என்ன தேவை என்று சொல்லிவிட்டால், வரிசையை அதுவே போட்டுக்கொள்கிறது.

மேவனை முதலில் பார்ப்போம். சிக்கல் அதிகம் வருவது அங்கேதான். வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் பிளகின்கள் குழப்பம் தருவதில்லை. கம்பைல் முடிந்துதான் டெஸ்ட், டெஸ்ட் முடிந்துதான் பேக்கேஜ். ஒரே ஃபேஸில் இரண்டு பிளகின்கள் இருந்தால்தான் தலைவலி. 2011-இல் வந்த மேவன் 3.0.3 முதல், பாமில் எழுதிய வரிசையிலேயே அவை ஓடும். அதற்கு முன் இந்த உத்தரவாதம்கூட இல்லை.

ஆனால் பேக்கேஜிங் வகையோடு (ஜார், வார் போன்ற தொகுப்பு வகை) தானாக வரும் வேலைகள் அந்த ஃபேஸில் எப்போதும் முந்திக்கொள்ளும். இது பலருக்குத் தெரிவதில்லை. பில்டு எண், தேதி போன்றவற்றை டார்கெட்/கிளாசஸ் கோப்புறையில் ஒரு கோப்பாக எழுத, ஆன்ட் கட்டளைகளை ஓட்டும் ஆன்ட்ரன் பிளகினை பேக்கேஜ் ஃபேஸில் கட்டியிருக்கிறோம் என்று வையுங்கள். பாமில் அதை எவ்வளவு மேலே எழுதினாலும், எல்லாவற்றையும் ஒரே ஜார் கோப்பாகத் தொகுக்கும் ஜார் பிளகின் முன்னாலேயே ஓடி முடித்திருக்கும். கிளீன் செய்து (பழைய டார்கெட் கோப்புறையை அழித்து) கட்டினால் ஜாரில் அந்தக் கோப்பே இருக்காது. கிளீன் செய்யாமல் மறுபடி கட்டினால் கோப்பு இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பது முந்தைய பில்டின் எண்! பார்க்க எல்லாம் சரியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதற்கு மருந்து எளிது: ஆன்ட்ரனை பிரிப்பேர்-பேக்கேஜ் ஃபேஸுக்கு நகர்த்திவிட வேண்டியதுதான்.

மற்ற பாம்கள் (சைல்டுகள்) அமைப்பைப் பெற்றுக்கொள்ளும் பேரண்ட் பாம் வந்தால் கதை இன்னும் நீளும். பேரண்டில் ஷேட் பிளகின் (சார்ந்த லைப்ரரிகளையும் ஒரே ஜாரில் சேர்ப்பது), சைல்டில் புதிதாக ஆன்ட்ரன், இரண்டும் பேக்கேஜ் ஃபேஸ் என்றால் ஷேட்தான் முதலில் ஓடும். சைல்டில் ஆன்ட்ரனை எழுதி, அதற்குக் கீழே ஷேடின் பெயரை மறுபடி குறிப்பிட்டால், இரண்டு பட்டியல்களையும் சேர்க்கும்போது மேவன் ஆன்ட்ரனை ஷேடுக்கு முன்னால் நுழைத்துவிடும். வேலை செய்யும்தான். ஆனாலும் இந்த வித்தையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்து வருபவர் 'இது சும்மா கிடக்கிறது' என்று அந்த நாலு வரியை அழித்தால் போதும், வரிசை சத்தமில்லாமல் மாறிவிடும்.

மேவன் 3-இல் செய்யவே முடியாத ஒன்றும் உண்டு. ஒரே ஃபேஸில் ஆன்ட்ரன், பிறகு எக்ஸெக் (வெளி நிரல்களை ஓட்டும் பிளகின்), மறுபடி ஆன்ட்ரன் என்று ஓட்ட வழியில்லை. அந்த ஃபேஸில் ஒரு பிளகினின் எக்ஸிகியூஷன்கள் (அதை ஓட்டச் சொல்லும் பதிவுகள்) எல்லாம் சேர்ந்தேதான் ஓடும். மேவன் 4 இதைத் தீர்க்கிறது. ஃபேஸ் பெயருக்கு முன்னால் பிஃபோர், ஆஃப்டர் என்று சேர்க்கலாம். பின்னால் சதுர அடைப்புக்குள் ஓர் எண் கொடுத்து ஒரே ஃபேஸுக்குள் வரிசையை நேரடியாகச் சொல்லலாம். எழுதிய இடத்தை நம்பி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் மாட்யூல்களுக்கு இடையிலான வரிசை. எல்லா மாட்யூலுக்கும் டெஸ்ட் முடித்துவிட்டு மேவன் பேக்கேஜுக்குப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஒரு மாட்யூலை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். ரூட் பாமே (மேல்மட்டக் கோப்புறையின் பாம்) எல்லாவற்றுக்கும் பேரண்டாக இருந்தால் அது முதலில் ஓடிவிடும். எனவே 'எல்லாம் முடிந்த பிறகு ஒரு அறிக்கை' என்ற வேலையை ரூட்டில் வைத்துப் பயனில்லை. மற்ற எல்லா மாட்யூலையும் டிபென்டென்சியாக (தான் சார்ந்திருப்பவையாக) கொண்ட தனி மாட்யூல் ஒன்றை உருவாக்கி, டெஸ்டுகள் நிரலில் எவ்வளவைத் தொட்டன (கவரேஜ்) என்று அளக்கும் ஜகோகோவின் ரிப்போர்ட்-அக்ரிகேட் போன்றவற்றை அங்கே வைப்பதுதான் சரி. மாட்யூல் பட்டியலில் கடைசியாக எழுதினால் போதாதா என்றால், டிபென்டென்சி சொல்லாதவரை போதாது. ஹைஃபன்-டி (-T) கொடுத்து இணையாக ஓட்டும் நாளில் அது உடையும்.

கிரேடிலில் இந்தத் தொல்லைகளில் பாதி எழுவதே இல்லை. ஒரு டாஸ்கின் அவுட்புட்டை அடுத்ததின் இன்புட்டாக இணைத்தால் வரிசை தானாக வரும், வேறு மாட்யூலில் இருந்தாலும் சரி. கவரேஜ் அறிக்கைகளைச் சேர்க்க கிரேடில் 7.4 முதல் தனி பிளகினே உண்டு. ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது: மஸ்ட்-ரன்-ஆஃப்டர். இரண்டு டாஸ்குகளும் ஓடப்போகும்போது மட்டுமே அது வரிசைப்படுத்தும். முதல் டாஸ்கைப் பட்டியலில் சேர்க்காது. முழு பில்டில் சரியாக இருக்கும், ஒரு டாஸ்கை மட்டும் கூப்பிட்டால் முந்தையது ஓடவே ஓடாது. உண்மையான தேவையை மறைக்க இதைப் போடுவது ஆபத்து. ஒரு டாஸ்க் இன்னொன்றின் அவுட்புட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தால் 8.0 முதல் கிரேடில் பில்டையே நிறுத்துகிறது. ஆரம்பத்தில் எரிச்சலூட்டும், ஆனால் மிக நல்ல கண்டிப்பு.

இன்டக்ரேஷன் டெஸ்டுக்காக (பகுதிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் சோதனை) ஒரு சர்வரை ஏற்றி இறக்குவதிலும் வித்தியாசம் தெரிகிறது. மேவனில் அந்த டெஸ்டுகளை ஓட்டும் ஃபெயில்சேஃப் பிளகின் தோல்வியை வெரிஃபை ஃபேஸ் வரை தள்ளிவைக்கும். அதனால்தான் இடையில் சர்வரை நிறுத்த முடிகிறது. வெரிஃபை என்று கூப்பிடாமல் இன்டக்ரேஷன்-டெஸ்ட் என்று கூப்பிட்டால் சர்வர் நிறுத்தப்படாமலே விடப்படும். கிரேடிலின் ஃபைனலைஸ்ட்-பை, டெஸ்ட் தோற்றாலும் நிறுத்தும் டாஸ்கை ஓட்டிவிடும்.

வரிசைக்காக மட்டும் மேவனை விட்டு மாறச் சொல்ல மாட்டேன். ஃபேஸ்களைச் சரியாகப் பிரித்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும். ஒரு மாட்யூலில் உருவான நிரலை இன்னொன்று வாங்கி மறுபடி எதையோ உருவாக்கும் சங்கிலி உங்களிடம் இருந்தால், அங்கே கிரேடில்தான். எதில் இருந்தாலும் ஊகிக்காமல் பாருங்கள்: மேவனில் ஹெல்ப் பிளகினின் எஃபெக்டிவ்-பாம், சேர்ந்துவந்த பிளகின் பட்டியலைக் காட்டும், கிரேடிலில் டிரை-ரன் கொடுத்தால் எதையும் ஓட்டாமலே டாஸ்குகளின் வரிசையைக் காட்டும்.