ஒரு வெல்டர், ரெண்டு மேனேஜர்: மேட்ரிக்ஸ் அமைப்பில் இரண்டு வருஷம்

திருவொற்றியூரில் பைப்பிங் ஷாப் (குழாய் வெல்டிங் பட்டறை) நடத்தும் நண்பர், "நாங்களும் மேட்ரிக்ஸுக்கு மாறிடலாமா?" என்று கேட்டார். மேட்ரிக்ஸ் என்றால் ஒரே ஆளுக்குத் துறைத் தலைவர் ஒருவர், பிராஜெக்ட் தலைவர் ஒருவர் என்று ரெண்டு மேலதிகாரிகள். துறைவாரி, பிராஜெக்ட்வாரி வித்தியாசமெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் நேராக எரிச்சலுக்கே வருகிறேன்.

எரிச்சலின் பெயர் 6ஜி வெல்டர். 45 டிகிரி சாய்த்த பைப்பை உருட்டாமல் பற்றவைத்துத் தேறியவர். அறுபது பேர் ஷாப்பில் இப்படி நாலு பேர் இருந்தால் அதிகம். மேட்ரிக்ஸில் அவருக்கு வெல்டிங் ஃபோர்மேன் ஒரு தலை, பிராஜெக்ட் மேனேஜர் இன்னொரு தலை. மணலியில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) வேலைக்குக் கேட் பாஸ் வாங்கிய ஆளை ஃபோர்மேன் மத்தியானம் ஷாப்புக்கு இழுத்தால், எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் வரிசையிலேயே அரை நாள் போச்சு. சைட்டில் ஃபிட்டர் டேக் (தற்காலிகப் பற்று) வைத்த ஜாயின்ட் அப்படியே நிற்கும். ராத்திரி ஜாயின்டை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்க ஆட்களை வெளியேற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள், படமெடுக்க ஜாயின்ட் இருக்காது.

ஏன் இப்படி? அமைப்புப் படத்தில் ரெண்டு பேருக்கும் சம அதிகாரம் என்று போட்டிருக்கும். ஆனால் ஓவர்டைம் சீட்டில் கையெழுத்துப் போடுபவர்தான் வெல்டருக்கு முதலாளி. ஷட்டவுன் தேதிகளுக்கு மட்டும் ஓவர்டைம், லீவு இரண்டையும் பிராஜெக்ட் மேனேஜரிடம் கொடுங்கள். வெல்டிங் குச்சியைக் காயவைக்கும் எலக்ட்ரோடு ஓவன், வெல்டிங் முறைத்தாள், ரிப்பேர் கணக்கு ஃபோர்மேனிடமே இருக்கட்டும். யார், எங்கே, எத்தனாம் தேதிவரை என்பது ஒரே போர்டில். சனிக்கிழமை மட்டும் மாற்றலாம்.

ஆனால் ஃபோர்மேனைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு வெல்டிங் முறையை (டிக், ஆர்க் மாதிரி) ஆறு மாசம் தொடாமல் விட்டால், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிப்படி அந்தத் தகுதி காலாவதி. சுத்தமான பிராஜெக்ட் அமைப்பில் இதை யாரும் பார்க்க மாட்டார்கள், டிக் வெல்டரை மாசக்கணக்கில் ஆர்க்கிலேயே ஓட்டுவார்கள். இந்த ஒன்றுக்கே மேட்ரிக்ஸ் போட்ட காசுக்குப் பழுதில்லை.

எதிர்பாராத சந்தோஷம், கையில் எடுக்கும் வேலைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. எட்டு வேலை ஓடி மாசம் ரெண்டு முடிந்தால், ஒரு வேலைக்குச் சராசரி நாலு மாசம். முடியும் வேகம் குறையாமல் நாலை மட்டும் உள்ளே விட்டால், ஷாப்புக்குள் ரெண்டே மாசம். டிராயிங் அப்ரூவலும் மெட்டீரியலும் கைக்கு வராத வேலைக்கு வாசலிலேயே இடம். எதை முதலில் உள்ளே விடுவது என்று வேலைகளுக்கு மார்க் போடும் ஷீட்டும் உண்டு. முதலாளியின் மச்சான் கொண்டுவரும் ஆர்டர் எப்படியோ பத்துக்குப் பத்து வாங்கிவிடும், அதைப் பற்றி அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். நாலு 6ஜி ஆளை வைத்துக்கொண்டு ரெண்டு மேனேஜரைத் தாங்க முடியாது. இந்த மணலி ஷட்டவுன் முடிந்த பிறகு கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.