மாணவர் அணிகளின் இணையதளப் போட்டி: டர்பனுக்கு எந்த விதி ஒத்துவரும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத் தமிழ் வகுப்புகளுக்கிடையே, பிள்ளைகள் அணியாகச் சேர்ந்து இணையதளம் உருவாக்கும் போட்டி ஒன்று வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. பரிசு என்ன, கோப்பையை யார் பெயரில் கொடுப்பது என்பதில் இருக்கும் சூடு விதிகளில் இல்லை. "பேச்சுப் போட்டி விதியையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கலாமே" என்கிறார்கள். பேச்சுப் போட்டியில் பிள்ளை நம் கண்ணெதிரே மேடையில் நின்று பேசுகிறது. இணையதளத்தில் அந்த வசதி கிடையாது. அப்பா ராத்திரி உட்கார்ந்து செய்ததா, மாமா மகன் செய்ததா, சாட்ஜிபிடி எழுதியதா என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால் யார் எந்த விதியைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, பெரியவர் கை இதில் எங்கே நுழையும், நுழைந்தால் எப்படிப் பிடிபடும் என்பதைத்தான். அடுத்த கேள்வி, எந்தப் பிள்ளை இந்த விதியால் வாசலிலேயே நின்றுவிடும் என்பது.

நாமாக உட்கார்ந்து புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. வெளியே நடந்து பழகிய மாதிரிகள் மூன்று இருக்கின்றன.

திறந்த தலைப்பு, நீண்ட அவகாசம்

முதல் மாதிரி திங்க்குவெஸ்ட். 1996-இல் அமெரிக்காவில் ஆலன் வைஸ் தொடங்கியது; பிறகு ஆரக்கிள் கல்வி அறக்கட்டளையின் கைக்குப் போனது. பிள்ளைகள் அணியாகச் சேர்ந்து, பிறருக்குப் பாடம் சொல்லித்தரும் தளம் ஒன்றைக் கட்ட வேண்டும். எதைப் பற்றி என்பது அவர்கள் விருப்பம். மாதக்கணக்கில் நேரம் உண்டு. பெரியவர்கள் பயிற்றுநராகப் பக்கத்தில் நிற்கலாம், வேலையில் கை வைக்கக்கூடாது. வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் சேர்வதை அது ஊக்கப்படுத்தியது. நம் விஷயத்தில் சாட்ஸ்வொர்த் பிள்ளையும் டோங்காட் பிள்ளையும் ஒரு அணியில் இருப்பது மாதிரி. அந்த ஒரு யோசனையை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்வேன்.

மற்றபடி இது நமக்குச் சரிப்பட்டு வராது. தலைப்பைத் திறந்து விட்டால் பாதி அணிகள் எரிமலை, சூரியக் குடும்பம், பொங்கல் வரலாறு என்று போய்விடும். இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடப்பதை வெட்டி ஒட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. பயிற்றுநர் கை வைக்கக்கூடாது என்ற விதி காகிதத்தில் அழகாக இருக்கும். நான்கு மாதம் வீட்டுக்குள் நடக்கும் வேலையை யார் போய்ப் பார்ப்பது? அதோடு, உம்லாங்காவில் ஃபைபர் இணைப்பும் மடிக்கணினியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், ஃபீனிக்ஸில் அம்மாவின் போனில் ப்ரீபெய்ட் டேட்டா தீரும்வரை மட்டும் வேலை பார்க்கும் பிள்ளைக்கும் அவகாசம் நீள நீள இடைவெளி கூடத்தான் செய்யும்.

திங்க்குவெஸ்டின் முடிவிலும் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் கட்டிய ஆயிரக்கணக்கான தளங்கள் ஒரே நூலகத்தில் இருந்தன. 2013 ஜூலையில் அதை மூடினார்கள், அந்த முகவரிகளும் கூடவே போயின. போட்டி நடத்துபவரின் இடத்தில் மட்டும் தளத்தை வைக்கச் சொன்னால் நமக்கும் அதே கதிதான். ஒவ்வொரு அணியும் கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் தன் வகுப்புக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

உள்ளூர் தலைப்பு, சக அணிகளின் மதிப்பீடு

இரண்டாவது சைபர்ஃபேர். இதுவும் 1996-இல்தான் தொடங்கியது, நடத்தியது குளோபல் ஸ்கூல்நெட் என்ற அமைப்பு. தலைப்பு எட்டுப் பிரிவுக்குள் அடங்க வேண்டும்: உள்ளூர்த் தலைவர்கள், தொழில்கள், சமூக அமைப்புகள், வரலாற்று இடங்கள், சுற்றுச்சூழல், இசை, கலை, அந்த ஊருக்கே உரிய சிறப்புகள். தளத்தோடு, அதை எப்படிச் செய்தோம் என்ற விவரத்தையும் தனியே எழுதித் தர வேண்டும். பங்கேற்கும் அணி மற்ற அணிகளின் தளங்களைப் பார்த்து மதிப்பிட்டே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது.

என் ஓட்டு இதற்குத்தான். டர்பனுக்கு அந்த எட்டுப் பிரிவும் அளவெடுத்துத் தைத்த சட்டை. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விடுங்கள். மாநகராட்சி ஊழியர் குடியிருப்பாக இருந்த மேகசின் பேரக்ஸில் வளர்ந்து, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்ட ஆயாக்கள், தாத்தாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய வீட்டின் சமையலறை எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர்க் குழாயடியில் யார் யார் சண்டை போட்டார்கள், தெருக்கூத்து எங்கே நடந்தது என்பதை எந்தத் தேடுபொறியும் சொல்லாது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு. புனித வெள்ளியன்று மவுன்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டம், ஆடி மாதக் கூழ், புரட்டாசி விரதம், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் கடைகள், எல்லாமே பக்கத்தில்தான் இருக்கின்றன. பழைய படமும் ஆவணமும் வேண்டுமென்றால் நகரில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது, வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. வெட்டி ஒட்ட ஒன்றுமில்லாத தலைப்பைக் கொடுத்துவிட்டால் பெரியவர் கையின் வேலையும் பாதியாகக் குறைந்துவிடும். அப்பா பக்கத்தை வடிவமைத்துத் தரலாம். பேட்டியில் பிள்ளையின் குரல் கேட்குமே, அதை என்ன செய்வார்?

சக அணிகளின் மதிப்பீட்டில்தான் சிக்கல். போட்டியாளன் போட்டியாளனுக்கு மதிப்பெண் போடுவதா என்று கேட்பார்கள், நியாயம்தான். குறைத்துப் போடுவான், இல்லாவிட்டால் "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று பேசி வைத்துக்கொள்வான். நான் சொல்லும் மாற்றம் இது: பிள்ளைகள் எண்ணைப் போட வேண்டாம், கருத்தை எழுதட்டும். அந்தக் கருத்து எவ்வளவு உதவியாக இருந்தது என்பதற்கு நடுவர் மதிப்பெண் போடட்டும். "சூப்பர்" என்று எழுதினால் பூஜ்யம். "பேட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கோவில் எந்த ரோட்டில் இருக்கிறது என்று எங்கேயும் சொல்லவில்லை, போனில் பார்த்தால் படம் திரையைத் தாண்டி ஓடுகிறது" என்று எழுதினால் முழு மதிப்பெண். அதை வாசித்து அடுத்த அணி தளத்தைத் திருத்த ஒரு வாரம் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் கற்பது அதற்கு முந்தைய மாதத்தில் கற்றதைவிட அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இதே குளோபல் ஸ்கூல்நெட் அமெரிக்க வெளியுறவுத் துறையோடு சேர்ந்து நடத்திய டோர்ஸ் டு டிப்ளமசி போட்டியில் அணி அளவு தெளிவாக இருந்தது: 12 முதல் 19 வயதுக்குள் இரண்டு முதல் நான்கு மாணவர், பயிற்றுநர் ஒருவர் அல்லது இருவர். நான்குக்கு மேல் போனால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் பரிசளிப்பு விழாவுக்கு வருவார்கள். நமக்கும் நான்கே போதும்.

ஒரே நாள், ஒரே கூடம்

மூன்றாவது வழி, எல்லோரையும் ஒரு கணினிக் கூடத்தில் உட்கார வைத்து, தலைப்பை அங்கேயே கொடுத்து, மாலைக்குள் முடிக்கச் சொல்வது. வேர்ல்ட்ஸ்கில்ஸ் என்ற உலகத் தொழில்திறன் போட்டியில் வெப் டெக்னாலஜீஸ் பிரிவு கிட்டத்தட்ட இந்த இனம்தான், நாள்கள்தான் அதிகம். அங்கே தனி ஆளாக, கொடுத்த கணினியில், கொடுத்த வேலையை முடிக்க வேண்டும். திருட்டுக்கு இடமில்லை. ஆனால் உள்ளடக்கத்துக்கும் இடமில்லை. ஒரே நாளில் எந்த ஆயாவைப் பேட்டி எடுப்பது? மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022, 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு எப்படி வாட்டியது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலாம், ஆனாலும் போட்டியை முழுக்க ஒரே நாள் மின்சாரத்தை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். கடைசி நாளில் ஒவ்வொரு அணியையும் நேரில் கூப்பிட்டு, பத்து நிமிடம், அவர்கள் தளத்திலேயே ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்வது. "இந்தத் தலைப்பை நடுவில் கொண்டு வா", "இந்தப் படத்துக்குக் கீழே விளக்கம் ஒன்று சேர்." செய்த பிள்ளை உடனே செய்யும். செய்யாத பிள்ளை அண்ணனைத் திரும்பிப் பார்க்கும்.

கையால் எழுதுவதா, பில்டரா?

விக்ஸ், கூகுள் சைட்ஸ் போன்ற, குறிநிரல் எழுதாமலே தளம் கட்டித்தரும் பில்டர்களை அனுமதிக்கக்கூடாது, இணையப் பக்கத்தின் குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கையால்தான் எழுத வேண்டும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் எதற்கு, எதில் வேண்டுமானாலும் செய்யட்டும் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வதிலும் நியாயம் உண்டு, கையால் எழுதுவது எட்டாத வித்தை இல்லை. பள்ளியில் கேட் (CAT) என்ற கணினிப் பயன்பாட்டுப் பாடம் எடுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு எச்டிஎம்எல் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் எல்லாப் பள்ளியிலும் இல்லை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இன்னும் வரவில்லை. இரண்டு பிரிவாக வைத்துவிடலாம். பில்டர் பிரிவில் உள்ளடக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண், கைவேலைப் பிரிவில் குறிநிரலுக்குக் கொஞ்சம் கூடுதல். இதில் சண்டை போடும் அளவுக்கு ஒன்றுமில்லை.

சண்டை போட வேண்டிய இடம் எடை. முதல் பக்கம் 1 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். போனில் எடுத்த ஒரு படமே பல எம்பி இருக்கும். அதைச் சுருக்காமல் ஏற்றினால் பார்க்கிற ஆயாவின் டேட்டாதான் போகும்.

தமிழ் எவ்வளவு, எந்தத் தமிழ்?

முழுக்கத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பவர்களின் ஆசை புரிகிறது. நம் அரசியல் சட்டமே ஆறாம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, சனிக்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் இருபது பக்கம் தமிழ் கேட்டால் அதை யார் எழுதுவார்கள்? செயற்கை நுண்ணறிவு எழுதும், பிள்ளைக்கே புரியாத அழகான தமிழில். அதைத் தடை செய்கிறோம் என்று விதியில் எழுதலாம்தான். பிடிக்க முடியாத தடையால் நேர்மையான பிள்ளைதான் நஷ்டப்படும்.

நான் சொல்வது வேறு. இருமொழித் தளம், தமிழுக்குக் குறைந்தபட்ச அளவு, அதோடு ஒரு கண்டிப்பான விதி: தளத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப் பத்தியையும் அணியில் யாராவது ஒருவர் வாசித்து ஒலிப்பதிவாக அதே பக்கத்தில் வைக்க வேண்டும். வாயில் நுழையாத தமிழைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துவிடுவார்கள். தட்டுத்தடுமாறி வாசிக்கும் நான்கு வரி எனக்குப் போதும்.

எழுத்துரு விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது, யூனிகோடுதான். நம் சங்கங்களில் பழைய ஆசிரியர்கள் சிலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். அதற்குப் பயந்து சிலர் தமிழைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். இரண்டையும் பிடிக்க ஒரே சோதனை போதும். நடுவர் தளத்திலிருந்து ஒரு தமிழ் வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டட்டும். தமிழாகவே விழுந்தால் சரி. குப்பையாக விழுந்தாலோ, நகலெடுக்கவே முடியாவிட்டாலோ மதிப்பெண் இல்லை.

தேதியும் கையெழுத்தும்

ட்ரூரோ வந்த ஆண்டுவிழா நாள் என்று எல்லோரும் நவம்பர் 16-ஐக் குறிப்பார்கள். அது மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சை நேரம், மற்ற வகுப்புகளுக்கும் ஆண்டிறுதித் தேர்வு நெருக்கத்தில் இருக்கும். பாரம்பரிய நாளான செப்டம்பர் 24 பொருத்தம்; பொது விடுமுறை, பெயரும் ஒத்துப்போகிறது. ஜூலை விடுமுறையில் பேட்டி, ஆகஸ்டில் கட்டுமானம், செப்டம்பர் தொடக்கத்தில் சக அணிகளின் கருத்து, கடைசி நாளில் நேர்முகம். மெட்ரிக் பிள்ளைகளுக்கு செப்டம்பரிலேயே மாதிரித் தேர்வு வந்துவிடும், அவர்களை இந்தப் பக்கம் இழுக்க வேண்டாம். எட்டு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை போதும்.

தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட விவரப் பாதுகாப்புச் சட்டமான பாப்பியாவின்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் தனிப்பட்ட விவரத்தைக் கையாளப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். படம், முழுப்பெயர், பள்ளிப் பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் பிள்ளையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். தளத்தில் முதல் பெயர் மட்டும், பள்ளிச் சீருடையில் படம் வேண்டாம். பேட்டி கொடுக்கும் பெரியவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். ஆயா சொன்ன கதையைப் பார்த்து அத்தை கோபித்துக்கொண்டு வந்து நிற்பது நம் ஊரில் நடக்காத விஷயமா என்ன? இந்தப் படிவங்களை விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். தளம் முடிந்த பிறகு கையெழுத்துக்கு அலைந்தால் பாதிப் பக்கத்தை அழிக்க வேண்டி வரும்.

பரிசைப் பணமாக வைக்க வேண்டாம். தொகை பெரிதாக ஆக ஆக அப்பாக்கள்தான் போட்டியில் இறங்குவார்கள். ஜெயித்த அணியின் வகுப்புக்கு ஒரு மடிக்கணினி, அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் டேட்டா. கோப்பையில் யார் பெயர் என்பதைக் கமிட்டி சாவகாசமாக முடிவு செய்துகொள்ளட்டும்.