இரட்டைக் குறிச்சொற்கள்: ஒன்றாக்குவதா, இணைத்துக் காட்டுவதா?

பயனர்களே குறிச்சொல் (படத்தின் வகையையோ பொருளையோ சுட்டும் சிறு சொல்) சேர்க்கலாம் என்று ஒரு திரைப்படத் தரவுத்தளம் அனுமதித்த அன்றே இரட்டைகள் முளைக்கத் தொடங்கிவிடும். ஒருவர் 'சை-ஃபை' என்று நடுவில் கோடு போட்டு எழுதுவார். இன்னொருவர் கோடில்லாமல் எழுதுவார். மூன்றாமவர் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்று முழுதாக எழுதுவார். ஒன்றைச் சொடுக்கினால் மற்ற இரண்டின் கீழ் இருக்கும் படங்கள் கண்ணில் படாது. இதற்குப் பல தளங்கள் பல விதமாகத் தீர்வு கண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, குறிச்சொல்லை அழித்து ஒன்றாக்குவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்தக் கடைசி வழியையே பார்த்துவிடலாம். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை நீக்கி, அதன் படங்களையெல்லாம் இதற்கு மாற்றிவிடுவது. தேடல் உடனே சுத்தமாகிவிடும்; பட்டியலும் சுருங்கும். எழுத்துப்பிழை, கோடு, இடைவெளி போன்ற வேறுபாடுகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பொருளிலேயே வேறுபாடு இருந்தால்தான் சிக்கல். 'ஃபுட்பால்', 'சாக்கர்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஃபுட்பால் என்றால் காலால் ஆடும் பந்தாட்டம். அமெரிக்கர் அதைச் சாக்கர் என்பார். அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு விளையாட்டு. பிரிட்டிஷ் படங்களை மட்டும் பார்த்த பங்களிப்பாளர் இரண்டும் ஒன்றுதான் என்று நல்லெண்ணத்தோடு இணைக்கச் சொல்வார். இணைத்த பிறகு எந்தப் படம் எந்த விளையாட்டைப் பற்றியது என்று பிரிக்க, பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவைதான் வர வேண்டும். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

இதைவிட நுட்பமான வழக்கு ஒன்று உண்டு. பயனர்கள் சேர்ந்து வளர்க்கும் டிஎம்டிபி என்ற திரைப்படத் தரவுத்தளத்தில் 'நாவல் அல்லது புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது' என்ற பொருளில் ஒரே ஆங்கிலக் குறிச்சொல் இருக்கிறது. கல்கியின் நாவலிலிருந்து வந்த 'பொன்னியின் செல்வன்' படத்துக்கும் அது பொருந்தும். கை பேர்டும் மார்ட்டின் ஷெர்வினும் எழுதிய, அணுகுண்டு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து உருவான 'ஓப்பன்ஹைமர்' படத்துக்கும் பொருந்தும். நாவல் எப்படித் திரைக்கதையாகிறது என்று ஆராய்பவருக்கு இந்தக் குறிச்சொல் மட்டும் போதாது. ஆனாலும் இப்படி ஒன்றாக வைத்ததில் நியாயம் இருக்கிறது. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் மூலநூலை தாமஸ் கெனீலி உண்மை நிகழ்வுகளையும் சாட்சியங்களையும் கொண்டு எழுதினார்; புனைவுக்கான புக்கர் பரிசு 1982இல் அதற்குக் கிடைத்தது. அது நாவலா, வரலாற்று நூலா என்று இரண்டு பங்களிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருக்கலாம். பொதுவான ஒரு சொல் அந்தச் சண்டைக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. அதற்கு விலையாக, கல்கியைத் தேடுபவர் அணுகுண்டு வரலாற்றையும் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஐஎம்டிபி 1990இல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் ரசிகர்கள் தொகுத்த பட்டியல்களிலிருந்து வளர்ந்த திரைப்படத் தளம். ஒரு படத்துக்கு ஒரு குறிச்சொல் பொருத்தமானதா என்று அங்கே பயனர்கள் வாக்களிக்கலாம். பொருந்தாத சொற்களைக் கீழே தள்ள இது உதவும். இரட்டைகளுக்கு உதவாது; சொல்லப்போனால் கெடுதல்தான். ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களுக்கிடையே வாக்குகள் பிரிந்து, இரண்டும் பட்டியலில் கீழிறங்கிவிடும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் படப் பரிந்துரைத் தளமான மூவிலென்ஸ் கணிதத்தை நம்பியது. அதன் 'டேக் ஜீனோம்' என்ற தரவுத்தொகுப்பு 1,128 குறிச்சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் ஒரு படத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான மதிப்பாகத் தருகிறது. பரிந்துரைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்தால் முதல் சொல் ஜேம்ஸ் பாண்டைக் குறிக்கும் '007'. இரண்டாவது சொல் அடைப்புக்குறிக்குள் 'சீரிஸ்' என்று சேர்த்த அதே '007'. மதிப்பெண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பட்டியலைப் படிக்கும் மனிதருக்கு இரட்டை இரட்டையாகவே நிற்கிறது.

என் ஆதரவு நான்காவது வழிக்கு. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' திரைப்படத் தளம் அல்ல, ரசிகர்கள் எழுதும் புனைகதைகளின் காப்பகம். அங்கே எழுதுபவர் தனக்குப் பிடித்தபடி குறிச்சொல் போடலாம்; அது அப்படியே பக்கத்தில் இருக்கும். தன்னார்வலர்கள் அதைத் தலைமைச் சொல் ஒன்றோடு பின்னணியில் தொடர்புபடுத்திவிடுவார்கள். தலைமைச் சொல்லைத் தேடுபவருக்கு எல்லாம் சேர்ந்தே வரும். தொடர்பு தவறென்று தெரிந்தால் அதை மட்டும் அறுத்தால் போதும். கதைகளின் மேல் கைவைக்க வேண்டியதில்லை. இதற்கு மனித உழைப்பு ஏராளமாகத் தேவைப்படுகிறது என்பது உண்மையான குறை. சிறிய தளத்தில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள்.

அதனால் விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு என்ற தரவுக் களஞ்சியத்தின் நடைமுறையும் பார்க்கத் தகுந்தது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கருத்துக்கும் எண்ணிட்ட ஓர் உருப்படி உண்டு; இரண்டு உருப்படிகளை ஒன்றாக்கும்போது, விடப்படும் உருப்படியின் எண் மற்றதற்கு வழிமாற்றாக நிற்கும். அந்த எண்ணை நம்பி எழுதிய வெளிச் செயலிகள் உடையாது. வரலாற்றுப் பக்கத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். ஒவ்வோர் உருப்படிக்கும் எந்த மொழியிலும் மாற்றுப்பெயர்கள் கொடுக்கலாம். 'அறிபுனை', 'அறிவியல் புனைவு', 'சயின்ஸ் ஃபிக்ஷன்' மூன்றும் ஒரே உருப்படியின் பெயர்களாக இருக்கலாம். எதுவும் எதையும் விழுங்க வேண்டாம். தமிழில் தேடுபவர்களுக்கு இது பெரிய வசதி. டிஎம்டிபியில் குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழித்து இணைக்கும் வசதி மட்டுமே உள்ள தளத்தில் பணியாற்றுபவர்கள், கோரிக்கை வைக்கும் முன் இரு சொற்களின் கீழுள்ள படங்களையும் நாடு, மொழி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஃபுட்பால் போன்ற பொறிகள் அங்கேயே தெரிந்துவிடும். அதோடு இரண்டு பட்டியல்களையும் அப்படியே நகலெடுத்துக் கோரிக்கையோடு சேர்த்துவிடுங்கள். மறுபடி பிரிக்க வேண்டி வந்தால், எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.